ரிட்லி கடற்கரை: அண்டார்டிகா ஓரத்தில் அந்தப் பழுப்பு முக்கோணம் என்ன?

#1 வரைபடப்பித்தன்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நைட் ஷிப்டில் வேலை ஓய்ந்த நேரத்தில் சாட்டிலைட் மேப்பைத் திறந்துவைத்துக்கொண்டு கண்டம் கண்டமாக நகர்த்திக்கொண்டிருப்பேன். நேற்று நியூசிலாந்தின் தென்கோடியிலிருந்து நேர் தெற்கே இறங்கினேன். 2,700 கி.மீ. போல வெறும் கடல். அது முடிகிற இடத்தில், ராஸ் கடலுக்கு வாசல்படி வைத்த மாதிரி ஒரு முனை. பெயர் அடேர் முனை.

அந்த முனையின் மேற்குப் பக்கத்தில், செங்குத்தான கறுப்புப் பாறைக்குக் கீழே, சமோசா மாதிரி ஒரு முக்கோணத் தரை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் வெள்ளை, கறுப்பு, நீலம், அவ்வளவுதான் நிறம். இது மட்டும் பழுப்பும் இளஞ்சிவப்புமாக, வெள்ளை வேட்டியில் டீ கொட்டிய கறை மாதிரி இருக்கிறது. ரிட்லி கடற்கரை என்று போட்டிருக்கிறது.

அந்த நிறம் எதனால்? பனிக் கண்டத்தில் கடற்கரை எப்படி வந்தது? நம்மைப் போன்றவர்கள் அங்கே போக முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஒற்றைப்பனை

டீ இல்லை தலைவா. பென்குயின் கக்கா. விண்வெளியிலிருந்தே தெரிகிற அளவுக்கு.

#3 பாறைமணி

ஒற்றைப்பனை விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். அங்கே கூடு கட்டுவது அடேலி பென்குயின்கள். கிரில் என்கிற சின்ன இறால் வகைதான் அவற்றுக்கு முக்கிய உணவு. கிரிலின் உடம்பிலுள்ள சிவப்பு நிறமி எச்சத்தில் வெளியே வருகிறது. லட்சக்கணக்கான பறவைகள் வருடா வருடம் ஒரே தரையில் போட்டால் தரையே நிறம் மாறிவிடும். இந்தக் கறையை வைத்தே செயற்கைக்கோள் படங்களிலிருந்து பென்குயின்களை எண்ணுகிறார்கள். 2014இல் வெளியான உலகளாவிய கணக்கெடுப்பில் அடேர் முனையில் மட்டும் சுமார் 3,38,000 இணைகள். அடேலி பென்குயின் குடியிருப்புகளில் உலகிலேயே பெரியது இதுதான். உலகம் முழுக்க 38 லட்சம் இணைகள் என்று வந்த கணக்கில், பதினொன்றில் ஒரு பங்கு இந்த ஒரே முனையில்!

அடுத்த கேள்வி, பனிக் கண்டத்தில் கடற்கரை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

அண்டார்டிகாவில் பனி மூடாத நிலம் மொத்தப் பரப்பில் அரை சதவீதம்கூடத் தேறாது. கடலோரம் என்றால் பெரும்பாலும் பனிச்சுவர் நேராகக் கடலில் இறங்கும், இல்லாவிட்டால் பாறை இறங்கும். காலூன்றி நிற்கக்கூடிய கரை அபூர்வம். அடேர் தீபகற்பம் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக இறுகி உருவானது. கறுப்புப் பசால்ட் பாறை. உறைபனியும் உருகலும் மாறி மாறி அந்தப் பாறையை உடைக்கும். உடைந்த துண்டுகள் கீழே விழும். கோடையில் கடல்பனி விலகும் சில வாரங்களில் அலை அவற்றை உருட்டும். அப்படி உருண்டு உருண்டு கூழாங்கல்லானவைதான் அந்தத் தரை. மணல் கடற்கரையை நினைத்துக்கொள்ளாதீர்கள். முழுக்கக் கல்.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கரைக்கு இணையாக வரப்பு வரப்பாகக் கோடுகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு காலத்துக் கரை. பெரும் புயல் ஒரு வரப்பை எறிந்துவிட்டுப் போகும், அடுத்தது அதற்கு முன்னால் இன்னொன்றை எறியும். அப்படிக் கடலை நோக்கி வளர்ந்த திட்டு அது. வரப்புக்கு வரப்பு நடுவில் பள்ளம். அதில் கோடையில் உருகுநீரும் எச்சமும் கலந்து குட்டை கட்டி நிற்கும்.

பென்குயினுக்கு வேண்டியது அந்த வரப்பு. முட்டை ஈரத்தில் கிடந்தால் அழுகிவிடும். அதனால் மேட்டுத் தரை வேண்டும், அதன்மேல் கூழாங்கல்லை வட்டமாக அடுக்க வேண்டும், பக்கத்திலேயே கடல் வேண்டும். மூன்றும் ஓரிடத்தில் கிடைப்பது அண்டார்டிகாவில் லேசில் நடக்காது. கிடைத்த இடத்தில் கூட்டம் இப்படித்தான் நெருக்கும். ரிட்லியில் தட்டைத் தரை போதாமல் மலைச் சரிவில் ஏறிக்கூடக் கூடு கட்டியிருக்கின்றன.

#4 வரைபடப்பித்தன்

பாறைமணி சார், இப்போது பார்த்தேன். வரப்பு தெரிகிறது! நான் அதை டயர் தடம் என்று நினைத்தேன்.

#5 மீனாட்சி_டீச்சர்

டயர் தடம் இல்லாவிட்டாலும் மனிதர் தடம் உண்டு தம்பி. அந்த முக்கோணத்தின் தெற்குக் கரையோரம் இரண்டு மரக்குடில்கள் நிற்கின்றன. அண்டார்டிகா கண்டத்தில் மனிதன் கட்டிய முதல் வீடுகள் அவை.

நார்வேயில் பிறந்த பார்க்கிரிவிங்க் என்பவர் பிரிட்டிஷ் பதிப்பாளர் ஒருவரின் பணத்தில் கிளம்பி, 1899 பிப்ரவரியில் தன்னையும் சேர்த்துப் பத்துப் பேராக இங்கே இறங்கினார். கண்டத்தின்மேல் குளிர்காலத்தைக் கழித்த முதல் குழு. கடற்கரைக்கு ரிட்லி என்று பெயர் வைத்ததும் அவர்தான். அது அவருடைய அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர். 1841இல் அந்தப் பக்கம் வந்த ஜேம்ஸ் கிளார்க் ராஸ் முனைக்கு ஒரு பிரபுவின் பெயரை வைத்துவிட்டுப் போனார். இவர் கரைக்கு அம்மா வீட்டுப் பெயரை வைத்தார். எனக்கு இது பிடித்திருக்கிறது.

வீட்டை நார்வேயிலேயே அளவெடுத்து அறுத்து, எண் போட்டுப் பிரித்துக் கப்பலில் கொண்டுவந்து, இங்கே பலகையோடு பலகை கோத்து நிறுத்தினார்கள். ஒன்று தங்க, ஒன்று சாமான் வைக்க. பத்துப் பேரும் படுத்தது ஒரே அறையில். மே நடுவில் மறைந்த சூரியன் ஜூலைக் கடைசியில்தான் திரும்பியது. அந்தப் பத்து வாரத்தில் மெழுகுவத்தியால் ஒரு படுக்கை தீப்பிடித்தது. கரிப்புகையில் மூச்சுத் திணறிச் சிலர் சாகப் பார்த்தார்கள். நாய்களை ஓட்ட நார்வேயின் வடகோடியிலிருந்து வந்த இரண்டு 'சாமி' பழங்குடி இளைஞர்கள் அந்தப் பத்தில் அடக்கம். அண்டார்டிகாவில் நாயைப் பழக்கியதும் இந்தக் குழுதான்.

ஒருவர் திரும்பவில்லை. நிக்கோலாய் ஹான்சன், விலங்கியலாளர். 1899 அக்டோபர் 14 அன்று இறந்தார். குளிர்காலம் முடிந்து முதல் பென்குயின் கரையேறிய நாளும் அதுவே என்று சொல்வார்கள். அதைப் பிடித்துவந்து படுக்கையில் அவரிடம் காட்டினார்களாம். கடற்கரைக்கு மேலே முகட்டில் புதைக்கும்படி அவரே கேட்டிருந்தார். உறைந்த தரையை வெடி வைத்துத்தான் குழி தோண்ட முடிந்தது. அந்தக் கண்டத்தின் முதல் கல்லறை.

வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் கேட்பது ஒரே கேள்விதான். "டீச்சர், நாய்களை என்ன செய்தார்கள்?"

#6 ஒற்றைப்பனை

என்ன செய்தார்கள் டீச்சர்?

#7 மீனாட்சி_டீச்சர்

அதை வேறு இழையில் பேசலாம். இப்போதைய விதிமுறை வேண்டுமானால் சொல்கிறேன். 1994 ஏப்ரல் முதல் அண்டார்டிகாவில் நாய்க்கு இடமே இல்லை. சீல்களுக்கு நோய் தொற்றிவிடும் என்ற பயம்.

#8 கப்பல்காரன்_தூத்துக்குடி

அண்ணாச்சி, நான் அந்தக் கரையைக் கண்ணால் பார்த்தவன். கால் மட்டும் வைக்கவில்லை.

சில வருசத்துக்கு முன்னால் ஒரு எக்ஸ்பெடிஷன் கப்பலில் கேலியில் வேலை. நம்ம ஊர்ப் பாஷையில் கப்பல் அடுக்களை. நியூசிலாந்தில் ஏறி ராஸ் கடல் வரை போய்த் திரும்பும் பயணம். கிட்டத்தட்ட ஒரு மாசம். கம்பெனி பேர் வேண்டாம்.

அடேர் முனைக்கு முந்தின நாளே கப்பல் முழுக்க ஒரே கூத்து. எல்லாரும் போடப்போகிற கோட்டு, பேன்ட், பை எல்லாவற்றையும் ஹாலில் கொட்டி, வாக்குவம் கிளீனர் வைத்து உறிஞ்சினார்கள். வெல்க்ரோ பட்டையில் சிக்கின புல் விதையை ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். ஒரு பெரியவர் கோட்டுப் பாக்கெட் தையலில் நாலு விதை கிடைத்தது. அவர் தோட்டத்துப் புல்லாம். மனுசனுக்கு முகம் சுண்டிப்போச்சு. ஷூ அடிப்பள்ளத்தை டூத்பிக் வைத்துச் சுரண்டி, அப்புறம் இளஞ்சிவப்பு மருந்துத் தண்ணியில் முக்கி எடுக்க வேண்டும். இறங்கும்போது ஒரு தடவை, ஏறும்போது ஒரு தடவை.

காலையில் டெக்கில் நின்றேன். கரை தெரியும் முன்னால் வாடை தெரிந்தது. கருவாட்டுக் கிடங்கையும் கோழிப் பண்ணையையும் சேர்த்து வெயிலில் மூடிவைத்தால் எப்படி? எங்க ஊர்க்காரனுக்கே தலை சுற்றிச்சு. அப்புறம் சத்தம். கரை முழுக்க ஒரே கரைச்சல். அதுக்கப்புறம்தான் கரை. தூரத்தில் பார்த்தால் கல்லு கல்லாகத் தெரிகிறது. பைனாகுலரில் பார்த்தால் கல்லு நடக்கிறது.

குடில் தெரிந்தது. சின்னது. எங்க ஊர் வலைக் கொட்டகை அளவுகூட இருக்காது. அதுக்குள்ளே பத்துப் பேரா?

'ஜோடியாக்' என்கிற ரப்பர் போட்டை இறக்கி ஆள் போய்ப் பார்த்தார்கள். அலை கரையில் ஏறி அடித்துக்கொண்டிருந்தது, நடுவில் பனித்துண்டு வேறு உருண்டுகொண்டிருந்தது. ரெண்டு மணி நேரம் காத்திருந்தோம். கேப்டன் முடியாது என்றுவிட்டார். லட்சம் லட்சமாகக் கட்டி வந்தவர்கள் சில பேர் அழுதார்கள். கப்பலில் நியூசிலாந்து அரசுப் பிரதிநிதி ஒருத்தர் உண்டு. அவர் மட்டும் நிம்மதியாக டீ கேட்டார்.

#9 சட்டாம்பிள்ளை

கப்பல்காரன் அண்ணாச்சி இறங்கியிருந்தாலும் எல்லாரும் ஒன்றாக இறங்கியிருக்க முடியாது. விதி அப்படி.

அண்டார்டிகா உடன்படிக்கை 1959இல் கையெழுத்தாகி 1961இல் நடைமுறைக்கு வந்தது. யாருக்கும் கண்டம் சொந்தமில்லை என்று அது சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படிச் சொல்லவில்லை. உரிமை கோருகிறவர்களின் கோரிக்கையை உறைய வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அடேர் முனை இருக்கும் பகுதியை நியூசிலாந்து 1923 முதல் தன்னுடையது என்கிறது. இந்தியா உட்பட மற்றவர்கள் அதை ஏற்கவும் வேண்டாம், மறுத்துச் சண்டை போடவும் வேண்டாம்.

பாதுகாப்பு வருவது 1991இல் மாட்ரிட்டில் கையெழுத்தான சுற்றுச்சூழல் நெறிமுறையிலிருந்து. 1998இல் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் சில இடங்கள் 'சிறப்புப் பாதுகாப்புப் பகுதி'. அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே கால் வைக்கவே கூடாது. குடில்கள் நிற்கும் இடம் அதில் 159ஆம் எண். ஒரே நேரத்தில் அந்தப் பகுதிக்குள் 40 பேர், பார்க்கிரிவிங்க் குடிலுக்குள் 4 பேர். அதற்குமேல் கிடையாது.

வரைபடப்பித்தன், நாம் போக முடியுமா என்று கேட்டீர்கள். 2022இல் இந்திய அண்டார்டிகச் சட்டம் வந்துவிட்டது. அதன்படி இந்தியர் போக நம் அரசின் அனுமதி வேண்டும், அல்லது நெறிமுறையில் சேர்ந்த இன்னொரு நாட்டின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். அதாவது நியூசிலாந்துக் கப்பலில் அவர்கள் வாங்கிய அனுமதியின்கீழ் போகலாம். தனியாகப் படகு வாங்கிக் கிளம்ப முடியாது.

#10 ஒற்றைப்பனை

படகுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேனே.

#11 வரைபடப்பித்தன்

ஒரு சந்தேகம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அந்த 159ஆம் எண் பென்குயினுக்காக வைத்த மாதிரி தெரியவில்லையே? குடிலுக்காகவா?

#12 சட்டாம்பிள்ளை

சரியாகப் பிடித்தீர்கள். அந்தப் பகுதியை அறிவித்த முதல் காரணம் வரலாறு. குடில்கள் வரலாற்றுச் சின்னப் பட்டியலில் 22, ஹான்சன் கல்லறை 23. உலகின் மிகப்பெரிய அடேலி குடியிருப்பு அதே இடத்தில் இருப்பது, நிர்வாகத் திட்டத்தின் பார்வையில், குடிலுக்குப் போக இடைஞ்சல் என்பது போலவும் வருகிறது. பென்குயின்கள் கரையை ஏறக்குறைய முழுதாகப் பிடித்துவிட்டதால் அவற்றைக் கலைக்காமல் குடிலை அடைவது பல சமயம் கடினம் என்று ஒப்புக்கொள்கிறார்கள்.

#13 குயில்தோப்பு

இத்தனை நாள் சும்மா படித்துக்கொண்டிருந்தேன், இப்போது கோபம் வந்துவிட்டது. 'பென்குயின்கள் கரையைப் பிடித்துவிட்டன' என்றால்? யார் கரையை யார் பிடித்தது? அவை காலங்காலமாக வருகின்றன. இவர்கள் வந்து நூற்றிச் சொச்சம் வருடம். பேசாமல் இரண்டு குடிலையும் பிரித்து ஏதாவது மியூசியத்தில் வைத்துவிட்டுக் கரையை அவற்றிடம் விட்டால் என்ன? எண் போட்டுப் பிரிக்கக்கூடிய வீடு என்று டீச்சரே சொல்லிவிட்டார்.

#14 மீனாட்சி_டீச்சர்

கோபம் நியாயம். ஆனால் பிரித்தால் அது வீடாக இருக்காதும்மா, விறகாகத்தான் இருக்கும். அந்த மரம் 1899 முதல் அந்தக் காற்றில் நிற்கிறது. 1911இல் பிரிட்டிஷ் துருவப் பயணி ஸ்காட் அனுப்பிய வடக்குக் குழு ஆறு பேர் வந்து பக்கத்திலேயே இன்னொரு குடில் போட்டார்கள். பன்னிரண்டு வருடம் இளையது. அது விழுந்து சிதறிவிட்டது. மூத்தது நிற்கிறது. நார்வேத் தச்சனுக்கு நாம் ஒரு கும்பிடு போடலாம்.

அந்த ஆறு பேரில் லெவிக் என்று ஒரு டாக்டர். ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்து பென்குயின்களைக் கவனித்து எழுதினார். சில நடத்தைகளைப் பார்த்து அவருக்கே கூச்சமாகிவிட்டது. குறிப்பேட்டில் அந்தப் பகுதிகளை மட்டும் கிரேக்க எழுத்தில் எழுதிவைத்தார், சாதாரண ஆள் படித்துவிடக் கூடாதென்று. ஊர் திரும்பியபின் அந்தப் பகுதி பொது வெளியீட்டில் வரவில்லை. ஆய்விதழில் வந்தது 2012இல்தான்.

இன்னொன்று. 2016இல் நியூசிலாந்தின் அண்டார்டிகப் பாரம்பரிய அறக்கட்டளை, குடிலைச் செப்பனிட வழி செய்ய, உள்ளிருந்த சாமான்களை எடுத்து கிறைஸ்ட்சர்ச்சுக்குக் கொண்டுபோனது. கிட்டத்தட்ட 1,500 பொருள்கள். எச்சமும் பூஞ்சையும் அப்பிய காகிதக் கட்டு ஒன்றைப் பிரித்தபோது நடுவில் ஒரு நீர்வண்ண ஓவியம். செத்துக் கிடக்கும் சின்னக் குருவி. ஐரோப்பாவில் மரத்தண்டில் ஏறித் திரியும் குருவி அது. வரைந்தவர் எட்வர்ட் வில்சன், 1899இல். பிற்பாடு ஸ்காட்டுடன் தென்துருவம் போய்த் திரும்பும் வழியில் இறந்தாரே, அவர். மரமே இல்லாத கண்டத்தில் மரமேறிக் குருவி! துருப்பிடித்த டப்பாவுக்குள் ஒரு பழக்கேக்கும் கிடைத்தது. சாப்பிடலாம் போல இருந்ததாம்.

இதெல்லாம் அந்த இடத்தில் இருந்ததால் கிடைத்தவை. பாதுகாக்கப்பட்ட பகுதி என்பதால், பழுது பார்த்தபின் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

#15 குயில்தோப்பு

டீச்சர், கேக்கைத் திரும்பக் கொண்டுபோய் வைப்பதற்கு ஒரு கப்பல் போகும், நாலு தச்சர்கள் வாரக்கணக்கில் தங்குவார்கள். இது பென்குயினுக்கு என்ன லாபம்? எனக்கு இன்னும் பதில் வரவில்லை.

#16 கப்பல்காரன்_தூத்துக்குடி

குயில்தோப்பு சொல்வதில் எனக்கும் பாதி சம்மதம். ஆனால் ஒன்று. அன்றைக்குக் கப்பலில் இருந்த முக்கால்வாசிப் பேர் வந்தது குடிலைப் பார்க்க. குடில் இல்லாவிட்டால் அங்கே அவ்வளவு கண்டிப்பு வந்திருக்குமா என்று ஒரு யோசனை.

#17 பாறைமணி

கண்டிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. அடேர் முனைக்குத் தெற்கே அதே கரையோரத்தில் ஹாலெட் முனை. அங்கே சீபீ ஹுக் என்று கொக்கி வடிவில் வளைந்த கூழாங்கல் திட்டு. அதுவும் அடேலி குடியிருப்பு. 1957 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டை ஒட்டி அமெரிக்காவும் நியூசிலாந்தும் சேர்ந்து ஓர் ஆய்வு நிலையம் கட்டின. எங்கே? கூடுகள் இருந்த தட்டைத் தரையின் மேலேயே! கட்டிடம் கட்டத் தோதான இடம் அது ஒன்றுதான். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பென்குயின்களை, குஞ்சுகளையும் சேர்த்து, அப்புறப்படுத்தினார்கள். திரும்பி வராதிருக்க வேலி போட்டார்கள். செய்தவர்கள் அறிவியலாளர்கள், அதைக் கவனியுங்கள்.

1964இல் முக்கிய ஆய்வுக்கூடம் தீப்பிடித்தது. 1973இல் நிலையத்தை மூடிவிட்டார்கள். அப்புறம் பல வருடம் எண்ணெய்த் தொட்டி, குப்பை என்று அள்ளிக்கொண்டே இருந்தார்கள். கட்டிடம் போன இடத்துக்குப் பென்குயின்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின.

நான் சொல்ல வருவது, அந்தக் கண்டத்தில் மனிதனுக்கும் பென்குயினுக்கும் பிடித்த இடம் ஒன்றேதான். தட்டையாக, பனி இல்லாமல், கடலோரமாக. எங்கெல்லாம் வீடு கட்ட முடியுமோ அங்கெல்லாம் கூடும் இருக்கிறது. பார்க்கிரிவிங்க் ரிட்லியில் இறங்கியதும், பறவை இறங்கியதும் ஒரே காரணத்துக்காக. அதனால் இந்தத் தகராறு எல்லாக் கரையிலும் வரும். குடிலை எடுத்துவிட்டால் ரிட்லியில் தீரும், அடுத்த கரையில் தீராது.

#18 குயில்தோப்பு

ஏழாயிரமா? எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

#19 தென்காற்று

எல்லாரும் தரையையே பேசுகிறீர்கள். பென்குயின் கரையில் இருப்பது அக்டோபரிலிருந்து பிப்ரவரி, மார்ச் வரைதான். மற்ற மாதமெல்லாம் கடல்பனியின் ஓரத்தில். கரையில் இருக்கும்போதும் சாப்பாடு கடலில். ஒரு முட்டைக்கூட்டுக்கு ஐந்து மீட்டர் தள்ளி நில் என்று சுற்றுலாப் பயணியிடம் சொல்லிவிட்டு, கடலில் வலை போட்டு அள்ளினால் என்ன பயன்?

நல்ல வேளை, அந்தப் பக்கம் ஒரு காரியம் நடந்திருக்கிறது. 2016 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் ஹோபர்ட்டில் நடந்த அண்டார்டிகக் கடல்வாழ் உயிரினப் பாதுகாப்பு ஆணையக் கூட்டத்தில் ராஸ் கடல் பாதுகாப்புப் பகுதிக்கு எல்லா உறுப்பு நாடுகளும் ஒப்புக்கொண்டன. ரஷ்யாவும் சீனாவும் கடைசியில்தான் வழிக்கு வந்தன. 15.5 லட்சம் சதுர கி.மீ. அதில் 11.2 லட்சம் சதுர கி.மீ. பரப்பில் வணிக மீன்பிடிப்புக்கு முழுத் தடை. 2017 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் காலவரையறை 35 வருடம். பிறகு மறுபடி எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2052இல் யார் யார் எந்த மனநிலையில் இருப்பார்களோ!

இன்னொரு பயம் பறவைக் காய்ச்சல். 2024 தொடக்கத்தில் அண்டார்டிக தீபகற்பத்தில் ஸ்குவா என்கிற கடற்பறவைகளில் உறுதியானது. அது கண்டத்தின் மறுபுறம், ராஸ் கடலிலிருந்து வெகு தூரம்தான். ஆனால் ஸ்குவா பறந்து போகும், எல்லாப் பென்குயின் குடியிருப்பிலும் முட்டை திருடும். மூன்று லட்சத்துச் சொச்சம் கூடு கழுத்து எட்டும் தூரத்தில் அடுத்தடுத்து. கப்பல்காரன் சொன்ன ஷூ கழுவல் இருக்கிறதே, அது வேடிக்கை இல்லை. இப்போது கரையில் உட்காரக் கூடாது, முட்டி போடக் கூடாது, பையைத் தரையில் வைக்கக் கூடாது என்றும் சுற்றுலாக் கப்பல்களில் விதி.

#20 சட்டாம்பிள்ளை

தென்காற்று சொன்னதோடு ஒன்று. 2024 மே மாதம் அண்டார்டிகா உடன்படிக்கை நாடுகளின் 46ஆவது கூட்டம் கொச்சியில் நடந்தது. அங்கேதான் சுற்றுலாவைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டகம் வேண்டும் என்று முறையாகப் பேச ஆரம்பித்தார்கள். இதுவரை பெரும்பாலும் கப்பல் கம்பெனிகளின் சங்கமே போட்டுக்கொண்ட ஒழுங்குதான். கொச்சிக்கு ராத்திரி பஸ் இருக்கிறது. நம்மில் ஒருவருக்காவது அப்போது தெரிந்திருந்ததா?

#21 நெறியாளர்

பஸ், படகு, நாய் பற்றிய கிளைப் பேச்சுகளைக் குறைத்துக்கொள்ளவும். ஒற்றைப்பனையின் இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன.

#22 சுந்தரி_வேலூர்

இந்த இழையை மூன்று நாளாகப் படிக்கிறேன். ஒன்று கேட்க வேண்டும், திட்டாதீர்கள்.

என் பெரியப்பா ராணுவத்தில் மெக்கானிக். எண்பதுகளில் இந்தியக் குழுவோடு அண்டார்டிகா போய்வந்தவர். நம் முதல் நிலையம் தட்சிண கங்கோத்ரி இருந்ததே, அங்கே. வரும்போது ஒரு கல் கொண்டுவந்தார். முட்டையை விடச் சின்னது, சாம்பல் நிறம், ஒரு பக்கம் பளபளப்பு. எங்கள் வீட்டு ஷோகேஸில் கொலு பொம்மைகளுக்குப் பக்கத்தில் முப்பது வருடத்துக்கு மேலாக இருக்கிறது. நவராத்திரிக்கு வருகிறவர்களிடம் அம்மா அதைத்தான் முதலில் காட்டுவாள். ஒரு கூழாங்கல்லுக்குப் பென்குயின் அடித்துக்கொள்ளும் என்று படித்ததிலிருந்து அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு மாதிரி இருக்கிறது. சட்டப்படி தப்பா?

#23 சட்டாம்பிள்ளை

பயப்படாதீர்கள். மாட்ரிட் நெறிமுறை 1998இல்தான் நடைமுறைக்கு வந்தது, நம் சட்டம் 2022. செய்த காலத்தில் குற்றமாக இல்லாததைப் பின்னால் வந்த சட்டத்தால் தண்டிக்க முடியாது. அரசியலமைப்பின் 20ஆவது பிரிவு. இன்று யாராவது அனுமதியில்லாமல் எடுத்துவந்தால் கதை வேறு.

#24 கப்பல்காரன்_தூத்துக்குடி

தங்கச்சி, நான் பார்த்ததைச் சொல்கிறேன். அடேர் முனை கிடைக்காமல் போனபின் தெற்கே வேறொரு கரையில் இறங்கினார்கள். திரும்பி ஏறும்போது ஷூ கழுவுகிற இடத்தில் ஒரு அம்மாவின் அடிப்பள்ளத்தில் ஒரு கல் சிக்கியிருந்தது. பட்டாணி அளவு. கைடு ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தான். குப்பையில் போடுவான் என்று நினைத்தேன். சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, கடைசி ஜோடியாக் கரைக்குப் போகும்போது அதில் ஏறிப் போய், போட்டுவிட்டு வந்தான். ஒத்தக் கல்லுக்கு.

#25 பாறைமணி

சுந்தரி, உங்கள் கல் அநேகமாகக் கூட்டுக்கல் இல்லை. தட்சிண கங்கோத்ரி கட்டியது கடலோரப் பனித்தட்டின் மேல். அங்கே கல்லே கிடைக்காது. பெரியப்பா உள்ளே தள்ளி ஷிர்மாக்கர் பாறைமேட்டுக்குப் போனபோது எடுத்திருப்பார். அது கடலிலிருந்து எண்பது கி.மீ. போல உள்ளே. பென்குயின் குடியிருப்பு அங்கே கிடையாது. ஒரு பக்கம் பளபளப்பு என்றால் காற்றில் பறக்கும் மணலும் பனித்துகளும் தேய்த்த வேலையாக இருக்கலாம்.

திருப்பி அனுப்ப யோசிக்காதீர்கள். முப்பது வருடம் வேலூர்த் தூசியில் இருந்த கல்லை அங்கே கொண்டுபோய்ப் போடுவதுதான் இப்போது தப்பு. ஒன்று செய்யுங்கள். பெரியப்பா நன்றாக இருக்கும்போதே எங்கே, எந்த வருடம், என்ன வேலைக்குப் போனபோது எடுத்தார் என்று கேட்டு ஒரு சீட்டில் எழுதி அடியில் வையுங்கள். இடம் எழுதாத கல் எங்களுக்கு வெறும் கல்.

#26 வரைபடப்பித்தன்

நான் கேட்டது ஒரு கறையைப் பற்றி. இது எங்கேயோ போய்விட்டது. குயில்தோப்பு பக்கம்தான் என் ஓட்டு இன்னும். ஆனால் அந்தக் குருவி ஓவியம் மட்டும் கொஞ்சம் தடுமாற வைக்கிறது.

#27 குயில்தோப்பு

ஓவியத்தை வைத்துக்கொள்ளட்டும். கேக்கைத் திரும்பக் கொண்டுபோகத்தான் ஒப்பமாட்டேன்.

#28 சுந்தரி_வேலூர்

பெரியப்பாவிடம் போன் போட்டுக் கேட்டேன். பாறைமணி சார் சொன்னதேதான். ஷிர்மாக்கரில் ஏரிக்கரை ஓரமாக, வண்டி செயின் அறுந்து நின்றபோது, கீழே படுத்துப் பழுது பார்க்கையில் முதுகில் குத்திய கல்லாம். "குத்திச்சேன்னு கோவத்துல எடுத்துட்டு வந்தேன்" என்கிறார். சீட்டு எழுதிவிட்டேன். வருடம்தான் அவருக்கு ஞாபகம் வரவில்லை. 84 என்கிறார், பெரியம்மா பின்னாலிருந்து 86 என்கிறாள். இரண்டையும் எழுதியிருக்கிறேன்.